சாப்பாடு பிடித்ததா என்று அவர் கேட்டார்

தம்பி, உன்னோடு தொலைபேசியில் கதைத்துப் பார்த்துவிட்டேன். நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் "சரி அம்மா, ஆனா" என்று நீ உள்ளே புகுந்துவிடுகிறாய். அது உன் தொழிலில் தொற்றிக்கொண்ட பழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். இதில் நீ இடையில் புக முடியாது, நேரம் முடிந்துவிட்டது என்று கையைக் காட்ட ஒருவரும் இல்லை, விளம்பரமும் வராது. கலியாணத்துக்கு முன் ஒரு தாய் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் வாழ்த்தும் புத்திமதியும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டும் இதில் இருக்கின்றன. ஆனால் கோபம்தான் முதலில் வரும், எனக்குள் முதலில் வந்தது அதுதான்.

இதன் ஒரு பிரதியைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கும் கொடுக்கிறேன். நீ செய்ததை ஊர் முழுவதும் பார்த்தது, நான் சொல்வதையும் ஊர் வாசிக்கட்டும். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. நீ மாமா என்று கூப்பிடுகிறவரை இதில் செல்வம் அண்ணை என்றும் அவருடைய மனைவியைப் பவளம் அக்கா என்றும் எழுதுகிறேன், அவை அவர்களுடைய பெயர்கள் இல்லை. யாரென்று நாங்கள் இருக்கிற எம்மன்புரூக்கேயில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, அதை நீ ஏற்கெனவே செய்து முடித்துவிட்டாய். எழுதுவதற்கு முன் நான் அவரிடம் போய்க் கேட்டேன். "எழுதுங்கோ பிள்ளை, ஆனா பெடியனை ஏசாதேங்கோ" என்றார். அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை.

நீ அந்தச் செய்தித் தொலைக்காட்சியில் சேர்ந்த புதிதில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடக்கிற அந்த அரசியல் விவாதத்துக்கு ஆட்களைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவது உன் பொறுப்பு. ஷ்லீரன் நகரில் வீடு எடுத்த கையோடு ஒருநாள் என்னிடம் சாப்பிட வந்திருந்தாய். சோற்றைக் குழைத்துக்கொண்டே அந்த மேசையை எப்படி அமைப்பார்கள் என்று விளங்கப்படுத்தினாய். வலதுசாரிக் கட்சியிலிருந்து ஒருவர், இடதுசாரிக் கட்சியிலிருந்து ஒருவர், இரண்டு பேரும் சூடேறினால் ஆற்றுவதற்கு ஒரு பேராசிரியர், நடுவில் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நடத்துகிறவர். அதோடு முன்வரிசையில் ஒரு முகம் வேண்டும் என்றாய். வாடகை பற்றி விவாதம் என்றால் வீட்டைவிட்டு எழுப்பப்பட்ட ஒரு வயதான பெண், பால் விலை என்றால் ஒரு விவசாயி. "அவை கனக்கக் கதைக்கத் தேவையில்லை அம்மா. கமரா அவையின்ரை முகத்தைப் பாக்கும், அது காணும்" என்றாய். எனக்கு அப்போதே ஏதோ இடறியது. ஆனாலும் மகன் படித்துவிட்டுச் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தேன்.

பிறகு, குடியுரிமை கேட்கிறவர்களுக்கு ஜெர்மன் மொழித் தேர்வை இன்னும் கடுமையாக்க வேண்டுமா என்று ஒரு விவாதம் வைத்தீர்கள். அதற்கும் ஒரு முகம் வேண்டியிருந்தது. நீ செல்வம் அண்ணையை நினைத்தாய். அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நகரசபை நேர்காணலுக்குக் காத்திருக்கிறார் என்று உனக்கு நான்தான் சொல்லியிருந்தேன். அதை வீட்டுக் கதையாகத்தான் சொன்னேன், உன் வேலைக்கு உதவும் என்று சொல்லவில்லை.

நீ அவரைக் கேட்கப் போன விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலை முடிந்து, நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு, பழங்களும் கேக்கும் வாங்கிக்கொண்டு, ஷ்லீரனிலிருந்து எம்மன்புரூக்கேக்குக் காரில் வந்தாய். அவர்களுடைய வீட்டில் இருந்து பவளம் அக்கா ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்தாய். "மாமா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கவேண்டாம், நான் பக்கத்திலை நிப்பன். சும்மா வந்து இருந்தாக் காணும், கேட்டா ரெண்டு சொல்லுச் சொல்லுங்கோ" என்றாய். அவர் உடனே ஓம் என்றார். நீ கேட்டதற்கு அவர் எப்போது மாட்டேன் என்றார்? அடுத்த நாள் என்னிடம், "பெடியன் வீட்டுக்கு வந்து மரியாதையாக் கேட்டவன், பிள்ளை" என்று வாய் நிறையச் சொன்னார். நானும் பூரித்துப்போய், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஃபோன் பண்ணி அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் பாருங்கள் என்று சொன்னேன்.

அன்றைக்குக் காலையிலேயே அவர்களுடைய குசினியில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிட்டது. "கனபேர் இருக்கிற இடத்துக்கு வெறுங்கையோடை போறதோ?" என்று செல்வம் அண்ணை சொல்ல, பவளம் அக்கா ரோல்ஸ் சுடத் தொடங்கினா. யார் யார் இறைச்சி சாப்பிடுவார்கள் என்று தெரியாததால் பாதி மரக்கறி, பாதி இறைச்சி, இரண்டும் கலக்காமல் வேறு வேறு பெட்டியில். நான் போய்க் கிழங்கு மசித்துக் கொடுத்தேன். அவர் கழுத்துப்பட்டி கட்டி, மொழித் தேர்வில் சித்தியடைந்த சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு உள்பையில் வைத்துக்கொண்டார். ஒருவேளை கேட்டால் காட்டலாம் என்று. ஒருவரும் கேட்கவில்லை.

கலையகத்தின் நடைபாதையில் நடந்ததை நான் அவர் வாயால் கேட்டேன். நீ அங்கேதான் நின்றாய், ஆகவே நான் சொல்வது பிழையென்றால் திருத்து. அவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவருக்கும் தானே நீட்டியிருக்கிறார். முகத்துக்குப் பூச்சுப் போடுகிற பெண்ணுக்கு, கமராக்காரருக்கு, நடத்துகிறவருக்கு, விவாதிக்க வந்தவர்களுக்கு, உனக்கு. அவருடைய நினைப்பில் அது ஒரு வீடு, தான் அங்கே பந்தி பரிமாறுகிற ஆள். வலதுசாரிக் கட்சியிலிருந்து வந்த அந்த நீலக் கழுத்துப்பட்டிக்காரர் இரண்டாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். விரலை நக்கிக்கொண்டே, வேலை எப்படி, பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டுக்குக் கடிதங்கள் வந்தால் யார் பார்ப்பது என்று சிநேகமாகக் கேட்டிருக்கிறார். "என் மகள்தான். அவள் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். எனக்கு ஒரு கடிதத்தையும் தொட விடமாட்டாள்" என்று செல்வம் அண்ணை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பிள்ளையைப் படிப்பித்து ஆளாக்கிய ஒரு தகப்பன் எந்த விறாந்தையிலும் எந்தக் கலியாண வீட்டிலும் சொல்கிற பேச்சு அது. நீ பக்கத்தில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டாய்.

நாங்கள் அவர்களுடைய வீட்டில் இருந்து பார்த்தோம். பவளம் அக்கா, அவர்களுடைய மகள், நான், அக்கம்பக்கத்துச் சனம். விவாதம் என்ற பெயரில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் கதைக்கிறார், மற்றவரின் குரல் உயர்ந்தால் நடத்துகிறவருக்கு முகம் மலர்கிறது. எனக்கு அது பழகிப்போய்விட்டது. அப்போதுதான் நீலக் கழுத்துப்பட்டிக்காரர் கையை நீட்டி முன்வரிசையைக் காட்டினார். அதோ அந்த அன்பான மனிதருடைய அருமையான ரோல்ஸைச் சற்று முன் சாப்பிட்டேன் என்றார். "அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார், அரசாங்கத்திலிருந்து வருகிற கடிதங்களை அவரால் வாசிக்க முடியாதாம், மகள்தான் வாசிக்கிறாளாம், இத்தனை வருடங்களுக்குப் பிறகும்" என்றார். கமரா செல்வம் அண்ணையின் முகத்துக்குப் போனது. பவளம் அக்கா என் கையைப் பிடித்தா.

மற்றக் கட்சிப் பெண் எழும்பி அடிக்கப்போகிறா என்று நான் எதிர்பார்த்தேன். அவ அவரைவிட மோசம். இந்த மனிதர்களால் முடியவில்லை என்பதற்காக அவர்களை நாங்கள் தள்ளிவைக்கலாமா என்று உருகினா. இந்த மனிதர்கள் என்று சொன்னபோது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் அவரால் முடியாது, ஆகவே வேண்டாம் என்றார். மற்றவ அவரால் முடியாது, பாவம் என்றா. பேராசிரியர் ஏதோ ஆய்வு என்றார். தேர்வில் சித்தியடைந்த சான்றிதழைச் சட்டைக்குள் வைத்திருந்த மனிதரைப் பற்றி அந்த மேசை முழுவதும் கூடி இரங்கியது. சான்றிதழ் இருக்கிறது என்று தெரிந்த ஒருவன் கண்ணாடிக்குப் பின்னால் காதில் கருவியோடு நின்றுகொண்டிருந்தான். நடத்துகிறவரின் காதுக்குள் ஒரு வசனம் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?

நடத்துகிறவர் ஒலிவாங்கியோடு இறங்கி வந்து, "அது உண்மையா?" என்று கேட்டார். செல்வம் அண்ணை எழும்பினார். அங்கே எழும்பத் தேவையில்லை, ஆனால் அவர் எழும்பித்தான் கதைப்பார். நடத்துகிறவரைப் பார்க்கவில்லை. நேரே நீலக் கழுத்துப்பட்டிக்காரரைப் பார்த்து, நிதானமாக, ஒரு பிழையும் இல்லாத ஜெர்மனில் கேட்டார்: "ஐயா, சாப்பாடு உங்களுக்குப் பிடித்ததா?"

கலையகம் வெடித்துச் சிரித்தது. கை தட்டினார்கள். நீலக் கழுத்துப்பட்டிக்காரர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார், அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பாவம் கிழவருக்குக் கேள்வி விளங்கவில்லை என்று அங்கே இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். எம்மன்புரூக்கேயில் எங்கள் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "குடுத்தார் பார்" என்று மெல்லச் சொன்னார்.

அந்தக் கேள்வி என்னவென்று உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. உன் அப்பாவின் அந்தியேட்டி அன்று, முப்பத்தோராம் நாள் பந்தியில் நீ தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றாய். அப்பாவின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், மூன்று முறை பாயாசம் வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே, "மனுசன் உழைச்சதையெல்லாம் சீட்டிலை விட்டிட்டுத்தானே போனவர்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்த வீட்டில் சண்டை பிடிக்க முடியுமா? செல்வம் அண்ணைதான் பாயாச வாளியோடு அவருக்கு முன்னால் போய் நின்றார். "அண்ணை, சாப்பாடு எப்படி? பிடிச்சுதோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த மனிதர் இலையை மூடிவிட்டு எழும்பி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நீ வீட்டுக்கு வருகிற வழியில், "மாமா அந்தாளைக் கொன்றுபோட்டார் அம்மா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அந்த நாட்களில் நீ சிரித்தது அந்த ஒருமுறைதான், ஆகவே எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் கையால் சாப்பிட்ட ஒருவரை நாங்கள் பொய்யன் என்று சொல்வதில்லை. சாப்பிட்டாயா, பிடித்ததா என்று கேட்போம். கொஞ்சம் வெட்கம் உள்ளவனுக்கு அது விளங்கும். அவர் அந்தக் கலையகத்தில் செய்த ஒரே பிழை, அங்கே இருந்தவர்களுக்கு வெட்கம் இருக்கும் என்று நம்பியதுதான். மற்றவர்களை விடு, அவர்கள் எங்கள் பந்தியில் இருந்தவர்கள் இல்லை. அந்த இடம் முழுவதிலும் அந்தக் கேள்வி விளங்கிய ஒரே ஆள் நீ. நீ என்ன செய்தாய்? அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, "கேள்வி ஒன்று, பதில் வேறு" என்று தலைப்பும் சிரிக்கிற முகமும் போட்டு, இணையத்தில் ஏற்றி, ஊருக்கெல்லாம் அனுப்பினாய்.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் வேலை செய்கிற தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், புதிதாக வேலை பழக வந்த பிள்ளைகள் அடுத்த மேசையிலிருந்து, "ஐயா, சாப்பாடு பிடித்ததா?" என்று அவர் குரலில் கேட்கிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, அவர்களுக்கு அது ஒரு பகிடி. அவர் கொண்டுபோவதில் பாதியை முன்பெல்லாம் அந்த மேசையில்தான் பகிர்ந்து சாப்பிடுவார். இப்போது வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து தனியாகச் சாப்பிடுகிறார். பவளம் அக்கா இதைச் சொல்லி அழுதா. மகள் அழவில்லை, அவளுக்கு ஆத்திரம். "அப்பா என்னைப் பற்றிப் பெருமையாச் சொன்னதை எடுத்து அப்பாவுக்கே அடிச்சுப்போட்டாங்கள் அன்ரி. இனி அவர் என்னைப் பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டார்" என்றாள்.

உனக்கு ஃபோன் எடுத்தேன். "ஏன் அம்மா இவ்வளவு பெரிசாக்கிறியள்? சனம் அன்பாத்தான் சிரிச்சது. மாமாவை இப்ப எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, எங்கடை நிகழ்ச்சியிலை ஆகக் கூடுதலான பேர் பாத்தது அதைத்தான்" என்றாய். அப்படியென்றால் அதைக் கழற்று என்றேன். "அது என்ரை கையிலை இல்லை" என்றாய். போடும்போது உன் கையில் இருந்தது, கழற்றும்போது மட்டும் எப்படி இல்லாமல் போனது? அவர் தேர்வில் சித்தியடைந்தவர் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வசனம் சொல்லச் சொல் என்றேன். "அம்மா, அது போனகிழமையின்ரை தலைப்பு" என்றாய். தம்பி, அவர் உனக்குத் தலைப்பா?

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது உன் ஆசிரியர், இந்தப் பிள்ளைக்குக் கையால் செய்கிற வேலைதான் சரிவரும், கீழ்ப் பிரிவில் விடலாம் என்று முடிவெடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு அன்றைக்குப் பின்னேர வேலை. எனக்கு ஜெர்மனில் வணக்கமும் நன்றியும் தவிர ஒரு சொல் தெரியாது. செல்வம் அண்ணைதான் விடுப்பு எடுத்துக்கொண்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். அப்போது அவருடைய ஜெர்மன் இப்போதுபோல இல்லை, வினைச்சொல் ஒரு பக்கமும் மிச்சம் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். ஆசிரியர் சிரித்த முகத்தோடு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்த, அவரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீங்கள் பிள்ளையைக் கேட்டீர்களா?" என்றார். ஆசிரியர் இன்னொரு முறை விளங்கப்படுத்தினார். அவரும் இன்னொரு முறை அதையே கேட்டார். அவருக்கு அதற்கு மேல் வசனம் வரவில்லை, ஆனால் பதில் வரும்வரை அவர் எழும்பவும் இல்லை. கடைசியில் ஆசிரியர் வெளியில் நின்ற உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ மேல்பிரிவுதான் வேண்டும் என்றாய். இன்றைக்கு நீ அமைச்சர்மாரோடு கை குலுக்குகிற ஜெர்மன் அந்த உடைந்த ஜெர்மனால் உனக்குக் கிடைத்தது. அந்த ஆளையா நீ மொழி தெரியாதவர்களுக்கு முகமாகக் கொண்டுபோய் இருத்தினாய்?

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், முதியோர் இல்லத்தில் பிறருடைய படுக்கையை மாற்றித்தான் உன்னை வளர்த்தேன். அங்கே உன் நிகழ்ச்சியைப் பொது அறையில் போடுவார்கள். போன கிழமை ஒரு கிழவி என்னிடம், "உங்கள் ஊர்க்காரர் எவ்வளவு இனிமையானவர், ஒன்றும் விளங்காவிட்டாலும் சிரித்துக்கொண்டு இருந்தார்" என்றா. அவவுக்குப் போர்வையைச் சரிசெய்துகொண்டே, அவருக்கு எல்லாம் விளங்கியது அம்மா, உங்களுக்குத்தான் விளங்கவில்லை என்று சொன்னேன். சொன்னதற்கு ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. நீயும் ஒருமுறை சொல்லிப் பார்.

இனிப் புத்திமதி. கேட்டுக்கொள், இது உன் கலியாணத்துக்கு. உன் அப்பா கோபக்காரர். கோபம் வந்தால் கோப்பை பறக்கும். சீட்டிலும் கொஞ்சம் விட்டவர்தான், அந்தச் சொந்தக்காரர் முழுப்பொய்யும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் நான் நம்பிச் சொன்ன ஒன்றையும் அவர் எந்தச் சண்டையிலும் எடுத்து என்மேல் எறிந்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கடைக்குத் தனியாகப் போகப் பயந்து, மூலையில் நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்ததை ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவரிடம் சொன்னேன். பிறகு எத்தனையோ சண்டை வந்தது. நீ ஒரு பயந்தாங்கொள்ளி என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஒன்றுக்காகவே நான் மற்றதையெல்லாம் பொறுத்தேன். உன் மனைவி உன்னோடு சாப்பிட்டுக்கொண்டு எதையாவது சொல்வாள், தன் தகப்பனைப் பற்றி, தன் பயத்தைப் பற்றி. அதைப் பிறகு ஒரு வாக்குவாதத்தில் வெல்வதற்கு எடுத்துவிடாதே. நீலக் கழுத்துப்பட்டிக்காரரிடம் உனக்குக் கற்பதற்கு ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்.

உனக்குத் தகப்பன் இல்லை. எனக்குப் பொட்டில்லை, ஆகவே மணவறையில் நிற்கக்கூடாது என்று ஐயர் சொல்வார். அந்தச் சண்டையை நான் வேறொரு நாளைக்கு வைத்திருக்கிறேன். அப்பாவின் இடத்தில் செல்வம் மாமாவும் மாமியும் நிற்பார்கள் என்று நீயே பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாய். அவரிடம் நீ அதை எப்படிச் சொன்னாய்? அந்த நிகழ்ச்சி போன அடுத்த கிழமை, கலியாண அட்டையைப் படமாக வட்ஸ்அப்பில் அனுப்பினாய். அதுவும் அவருக்குத் தனியாக இல்லை, எல்லோருக்கும் போகிற குழுவில். தொலைக்காட்சிக்கு அழைக்க நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு பழத்தோடும் கேக்கோடும் வீட்டுக்குப் போகத் தெரிந்த உனக்கு, கலியாணத்துக்குச் சொல்ல அந்த வழி மறந்துபோனதா? அந்தப் படத்தை அவர் எனக்குக் காட்டினார். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல வடிவான காட், பிள்ளை. நாங்கள் வாழ்த்துறம். ஆனா நான் மணவறையிலை நிண்டா சனம் என்னைத்தான் பாத்துச் சிரிக்கும். அண்டைக்கு மாப்பிள்ளையைப் பாக்கவேணும். வேறை ஆரையும் நிப்பாட்டுங்கோ" என்றார்.

நீ நேற்று என்னிடம், "அப்ப மாமா வரமாட்டாரெண்டா சித்தப்பாவைக் கேளுங்கோவன்" என்று, நிகழ்ச்சிக்கு ஒருவர் வராவிட்டால் இன்னொருவரைப் பிடிப்பதுபோலச் சொன்னாய். நான் கேட்கமாட்டேன். அந்த இடத்தில் வேறொருவரையும் நிற்க விடவும் மாட்டேன். செல்வம் அண்ணை வராவிட்டால் நான் ஏறி நிற்பேன், ஐயர் என்ன சொன்னாலும் சரி, பார்த்திருக்கிற சனம் என்ன சொன்னாலும் சரி. உன் கலியாண வீடியோவில் அது இருக்கும், உன் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள், நீ விளங்கப்படுத்து.

சனிக்கிழமை அவர்கள் வீட்டில் இருப்பார்கள். நான் விசாரித்துவிட்டேன், நீ வருகிறாய் என்று சொல்லவில்லை. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், அச்சடித்த அட்டை, எல்லாம் என் வீட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், வழியில் வந்து வாங்கிக்கொண்டு போ. அந்தத் துண்டைக் கழற்றிவிட்டுத்தான் வாசல் மணியை அடிக்க வேண்டும், கழற்ற முடியாது என்று யாராவது சொன்னால் அவருடைய நம்பரை எனக்கு அனுப்பு. நீ போனதும் பவளம் அக்கா குசினிக்குள் போய்விடுவா. வேண்டாம் மாமி, நேரமில்லை என்று தொடங்காதே. இரு. அவர் உனக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துப் போடுவார். நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டார், எனக்கு அவரைத் தெரியும், வேலை எப்படி, பொம்பிளை வீட்டார் எப்படி என்றுதான் கேட்பார். நீ சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வரும்போது துவாயை நீட்டிக்கொண்டு கேட்பார்: "சாப்பாடு பிடிச்சுதோ தம்பி?"

அங்கே சிரிப்பதற்கு ஆட்கள் இருக்கமாட்டார்கள். அன்றைக்கு அவர் கேட்டபோது அவருடைய ரோல்ஸைச் சாப்பிட்ட ஒருவரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நீயும் சாப்பிட்டாய். போய்ப் பதில் சொல்லிவிட்டு வா.

உன் அம்மா